முதலில் ஏறத் தக்க மலை

மும்பையிலிருந்து சென்னை நோக்கி வரும் இரயில் கடப்பையைக் கடந்து இரேணிகுண்டாவை நெருங்கும்போது, பெட்டியிலுள்ள தமிழர் பலர் சன்னலோரம் வந்து அமர்வதைக் காணலாம். இருபுறமும் மலைகள் அணுகி வருகின்றன. முட்புதர் நிறைந்த சரிவுகளுக்கு மேலே, சுவர் எழுப்பியது போன்ற பாறை விளிம்பு தெரிகின்றது. புத்தூர்ப் பக்கம் வந்தால், நகரி மலையின் மூக்குப் போன்ற முனை தோன்றுகின்றது. பாய்மரக் கப்பலில் வந்த மாலுமிகளுக்கும் கடலிலிருந்து அடையாளம் காட்டிய முனை அது. அதனைக் கண்டவுடன், ஊர் வந்துவிட்டது என்ற எண்ணம் நமக்கு உண்டாகின்றது.

வேங்கட மலையைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகக் கூறுகிறது தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனைச் சேர்ந்தது. 1960-இல் எல்லைகள் திருத்தப்பட்டபொழுது திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் இவ்வாறு மாறினும், மலைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், விடுமுறையில் இவ்வழியே ஊர் திரும்பும் தமிழர்களுக்கும் இவை நாள்தோறும் கண்ணில் படும் மலைகள். ‘பார்த்துக்கொண்டே போகிறோமே, ஒரு நாள் இறங்கி ஏறிப் பார்த்தால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. அவ்வாறு தோன்றியவர்களுக்காகவே இன்று பேசுகிறேன். இதுவரை மலை ஏறிப் பழகாத ஒருவர் முதன்முதலில் எந்த மலையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்? இதுவே நம் வினா.

இதற்கு விடை கூற, நான் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் படித்த காலத்தில், நண்பர் இருவரோடு புத்தூர்ப் பக்கத்துக் குன்று ஒன்றின்மேல் ஏறினேன். அந்தக் குன்றை ஏன் தேர்ந்தோம் என்றால், கண்ணுக்குத் தெரிந்தவற்றுள் அதுவே உயரமாக இருந்தது. வேறு காரணம் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி, ஐந்து மணிக்கு உச்சியை அடைந்தோம். காற்று இனிமையாக வீசியது. மூவருக்கும் சேர்த்துக் கொண்டுவந்த ஒரே குடுவையில் அப்போதே நீர் இல்லை. இறங்கத் தொடங்கியதும் வந்த தடம் எங்கே என்று தெரியவில்லை. ஏறும்போது ஒன்றாகத் தோன்றிய பாதை, மேலிருந்து பார்க்கும்போது ஐந்தாறாகப் பிரிந்து கிடந்தது. அவற்றுள் பல ஆடுகள் நடந்து உண்டான தடங்கள். ஒன்றைப் பற்றிக்கொண்டு இறங்கினோம். அது ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில் வந்து முடிந்தது. அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிய முதியவர் ஒருவர் எங்கள் குரல் கேட்டு வந்தார். கடிந்துகொள்ளவில்லை. முன்னே நடந்து வழி காட்டினார். ஊர் விளக்குகள் தெரிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏறும்போது ஒரு தரமாவது திரும்பிப் பார்த்தீர்களா, தம்பி?”

“இல்லை, ஐயா” என்றோம்.

“போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. திரும்பிப் பார்த்தவனுக்குத்தான் வருகிற வழி தெரியும்” என்றார்.

மலைநடை பற்றிப் பின்னர் நான் படித்த நூல்கள் எவையும் இதனினும் பயனுள்ள பாடத்தைச் சொல்லவில்லை. முதல் மலை உயர்ந்த மலையாக இருக்க வேண்டுவதில்லை. திரும்பி வரும் வழி தெளிவாகத் தெரியும் மலையாக இருத்தல் வேண்டும்.

பனி நாட்டாரும் இதனையே கூறுகின்றனர். இமயத்தை அடுத்து வாழும் தமிழ் நேயர்கள் குல்மார்க்கிலும் ஔலியிலும் பனிச்சறுக்கு விளையாட்டைக் கண்டிருப்பார்கள். அதில் ஒரு வகையினர் இழுவைக் கம்பியின் உதவியின்றித் தம் காலாலேயே சரிவில் ஏறுவர். சறுக்குக் கட்டையின் அடியில் ஒரு தோல்பட்டையை ஒட்டிக்கொள்வர். முற்காலத்தில் அது சீல் என்னும் கடல்விலங்கின் தோல். இக்காலத்தில் நெய்த துணி. அதன் மயிர் ஒருபுறமாகப் படிந்திருப்பதால், கட்டை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. இக்கலையைத் தொடங்குவோர்க்கு அங்குள்ளோர் உயரத்தை அளவுகோலாகக் காட்டுவதில்லை. ‘சரிவு எத்தனை பாகை? தலைக்கு மேலே என்ன நிற்கிறது? பின்வாங்கும் வழி எது?’ என்றுதான் கேட்கச் சொல்கின்றனர். பனிப்பாளம் பெயர்ந்து விழுவது பெரும்பாலும் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சரிவுகளிலேயே. ஆதலின் 30 பாகைக்குக் குறைந்த சாய்வுள்ள, மேலே செங்குத்துச் சரிவு இல்லாத தாழ்ந்த குன்றுகளையே புதியவர்க்குக் காட்டுகின்றனர்.

நம் மலைகளில் பனி இல்லை. ஆயினும் அம்மூன்று வினாக்களும் இங்கும் பொருந்தும். சேஷாசல மலையின் அடிப்பகுதி பழமையான கருங்கல். அதன்மேல் கடினமான குவார்ட்சைட் பாறை அடுக்கு அடுக்காகப் படிந்துள்ளது. இவ்விரண்டும் சந்திக்கும் கோட்டைத் திருமலை செல்லும் மலைச்சாலையின் ஓரத்தில் காணலாம். கோட்டுக்குக் கீழும் மேலும் உள்ள பாறைகளின் வயது வேறுபாடு பல கோடி ஆண்டுகள். இந்திய நிலப் பொதியியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. நமக்கு இதில் ஒரு பயன் உண்டு. மேல்பாறை கடினமாக இருப்பதால் தேயாமல் சுவராக நிற்கிறது. ஏறுகிறவன் அச்சுவரைத் தொலைவிலேயே காண்கிறான். மேலிருந்து இறங்குகிறவனுக்கோ, விளிம்பு காலடிக்கு வரும்வரை அது தெரிவதில்லை. நாங்கள் அன்று தடுமாறியதன் காரணமும் இதுவே.

இனி, மலையைத் தேர்வது எவ்வாறு என்று பார்ப்போம். முதலாவது, படம். இந்திய நில அளவைத் துறையின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவிலான படங்களில், சமவுயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். கோடுகள் விலகியிருந்தால் சாய்வு எளிது; நெருங்கியிருந்தால் செங்குத்து. ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அங்கே சுவர் நிற்கிறது என்று கொள்க. கைப்பேசியிலும் இத்தகைய படங்கள் கிடைக்கின்றன. ஆனால் பள்ளத்தாக்கினுள் தொடர்பு அறுந்துபோகும். படத்தை முன்னரே இறக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நேரம். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த நெயிஸ்மித் என்பவர் 1892-இல் ஒரு கணக்கைத் தந்தார். 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி. அதனோடு 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி. 6 கிலோமீட்டர் தொலைவும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு, இக்கணக்கின்படி ஒன்றே முக்கால் மணி போதும். அது குளிர்நாட்டுப் பழக்கசாலியின் கணக்கு. நம் வெயிலில் புதியவர் அதனோடு பாதியைக் கூட்டி, இரண்டரை மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்வது நலம். விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் ஓடைகள் திடீரெனப் பெருகும். கோடையில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும். காட்டுத் தீயும் உண்டு. மார்கழிப் பிற்பகுதி முதல் மாசி வரையுள்ள காலமே ஏற்றது. ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் நீராவது கையில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, இசைவு. இதனைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சேஷாசல மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. 1989-இல் ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்காவும், 2010-இல் சேஷாசல உயிர்க்கோளக் காப்பகமும் அமைக்கப்பட்டன. உலகில் செம்மரம் இயற்கையாக வளர்வது இம்மலைகளையும் இவற்றை ஒட்டிய பகுதிகளையும் உள்ளிட்ட சிறு நிலப்பரப்பிலேதான். அதன் கள்ள வாணிகம் இக்காடுகளை ஐயத்துக்குரிய இடமாக்கிவிட்டது. 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறிக் காவல்துறையினர் சுட்டதில், தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் இக்காட்டில் உயிரிழந்தனர். அதுபற்றிய வழக்காடலுக்குள் நான் புகவில்லை. இசைவின்றி இக்காட்டினுள் திரிவது எத்தகைய இடர் என்பதனைத் தமிழர் எவரும் மறத்தல் ஆகாது என்பதே என் கருத்து. வேடிக்கைக்காக வந்தேன் என்று இருட்டில் யாருக்கும் மெய்ப்பிக்க இயலாது.

இனி இடங்களைக் கூறுகிறேன்.

முதல் நாளுக்குச் சந்திரகிரி தக்கது. திருப்பதிக்கு மேற்கே சற்றேறக்குறைய 12 கிலோமீட்டரில் உள்ளது. விசயநகர அரசர்கள் இறுதிக் காலத்தில் தலைநகராகக் கொண்ட ஊர் இது. கோட்டையும் அரசமாளிகையும் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. மதிலையும் பாறைக் குன்றின் அடியையும் சுற்றி நடந்தாலே காலும் மூச்சும் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும். பாறைமேல் ஏற விரும்பினால், காவலரைக் கேட்டு, அவர் விடும் எல்லை வரையில் செல்க.

அடுத்து, திருமலையின் இரு படிவழிகள். அலிபிரியிலிருந்து செல்வது ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3,550 படிகள். சீனிவாச மங்காபுரத்துப் பக்கமிருந்து செல்லும் ஸ்ரீவாரி மெட்டு 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி, 2,388 படிகள். குறுகிய வழி எளிய வழி என்று எண்ணிவிடாதீர்கள். 2 கிலோமீட்டரில் 2,388 படி என்றால் இளைப்பாற இடமில்லாத ஏற்றம். அலிபிரி வழியிலோ நெடுந்தூரம் சமநடை உண்டு. ஆயினும் முடிவில் ஒரு செங்குத்து ஏற்றம் வரும். நம் முன்னோர் அதற்கு ‘முழங்கால் முறிச்சான்’ என்று பெயரிட்டனர். அப்பெயரைவிடச் சிறந்த எச்சரிக்கைப் பலகை வேண்டுமோ? படிகளும் கூட்டமும் இருப்பதால் இங்கும் கவலையில்லை என்று இருந்துவிடலாகாது. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் சிறுவரோடு நடப்பதற்கு நேர வரையறை விதித்தார்கள். புறப்படுமுன் அன்றைய விதியைக் கேட்டறிக. குழந்தையின் கையை விடாதீர்கள். இது வழிபடச் செல்வோரின் பாதை. உடற்பயிற்சிக்காக வருவோரும் அதன் அமைதியைக் காத்தல் வேண்டும்.

மூன்றாவது, தலக்கோனா. தேசியப் பூங்காவினுள், ஏறத்தாழ 270 அடி உயரத்திலிருந்து வீழும் அருவி. வனத்துறையின் வாயிலில் கட்டணம் செலுத்தி, அவர்கள் காட்டும் வழியிலேயே செல்லலாம். மரநிழலில் கற்பாதையில் நடக்கும் பழக்கம் இங்கே வரும். ஈரப்பாறையில் மட்டும் கால் வைக்காதீர்கள்.

இவற்றில் பழகியவர்க்கு ஆண்டுக்கொரு வாய்ப்பு உண்டு. திருமலைக்கு அப்பாலுள்ள அடர்காட்டில் இராமகிருஷ்ண தீர்த்தம், குமாரதாரை, தும்புரு தீர்த்தம் என மூன்று சுனைகள் உள்ளன. தை, மாசி, பங்குனி மாதங்களில் முழுநிலாவை ஒட்டி நடைபெறும் முக்கோடி விழாக்களின்போது, தேவத்தானத்தார் அக்காட்டுவழிகளை மக்களுக்குத் திறந்து, உணவும் நீரும் காவலும் அமைப்பது வழக்கம். வழி கரடுமுரடு. ஆனால் முன்னும் பின்னும் ஆட்கள் இருப்பர். உட்காட்டை முதன்முதலாகக் காண இதனினும் தக்க முறை இல்லை. நெஞ்சுநோய் உடையோர் தவிர்த்தல் நலம்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் தத்தம் ஊரருகிலும் இம்முறையையே கைக்கொள்ளலாம். புனேயில் இருப்போர்க்குச் சகியாத்திரியும், தில்லியில் இருப்போர்க்கு ஆரவல்லியும் உள்ளன. பெயர் பெற்ற சிகரத்தை முதலில் நாடாதீர்கள். ஊர் தெரியும் குன்று, நீர் கிடைக்கும் வழி, இசைவு பெற்ற எல்லை, நண்பகலுக்கு முன் முடியும் நடை ஆகிய இந்நான்கும் அமைந்ததைத் தேடுங்கள். அந்த வட்டாரத்து ஆடு மேய்ப்பவரையோ விறகு பொறுக்குபவரையோ கண்டால் ஒரு சொல் கேளுங்கள். உங்கள் மொழி அவருக்குத் தெரியாவிட்டாலும், கை காட்டும் திசை புரியும்.

புறப்படுமுன், எந்த வழியே செல்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதனை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் பாதி வழியிலேயே வந்துவிட்டால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். மலை அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். ஏறும்போது, பாதை திரும்பும் இடந்தோறும் நின்று, வந்த வழியை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.