தேவரும் தவறுவரோ?



தவறு செய்யும் ஒருவரைத் தேவர் என்று சொல்லலாமா? இக்கேள்வியை, தனியொருவர் கற்பனையில் எழுந்த புராணமொன்றைக் கொண்டு ஆராய விரும்புகின்றோம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த ஜே. ஆர். ஆர். ரொல்கீன் பல்லாண்டுகளாக எழுதித் திருத்திய 'சில்மரில்லியன்' என்னும் அந்நூல், அவர் 1973இல் மறைந்தபின், 1977இல் அவர் மகனாற் பதிப்பிக்கப்பெற்றது.

அதிலே முழுமுதற் கடவுள் இலூவதார். அவன் படைத்த தேவருள் ஔலே கைத்தொழில்களுக்கு அதிபதி. தன் கலையைக் கற்பிக்க மாணாக்கர் வேண்டுமென்ற ஆவலால், இறைவன் வகுத்த மக்கள் தோன்றும்வரை பொறுக்கமாட்டாது, மலையடியில் மறைவாகக் குள்ளர்குல முதல்வர் எழுவரைச் செய்தான். இறைவன் அறிந்து கடிந்தான். ஔலே நினைத்தால் அசையவும், நினையாவிடில் வாளாவிருக்கவுமே அவர்களால் முடியும் என்று காட்டினான். ஔலே, தந்தையைப் பார்த்து விளையாடும் பிள்ளைபோலச் செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டு, அழுதுகொண்டே அவர்களை உடைக்கச் சம்மட்டியை ஓங்கினான். அக்கணமே அவர்கள் அஞ்சி ஒடுங்கி இரக்கம் வேண்டினர்! பாவைக்கு அச்சமேது? இறைவன் அவர்களுக்குத் தன்விருப்பை முன்னமே அருளியிருந்தான்.

இதே ஔலேயின் பரிவாரத்தில் ஒருகாலம் இருந்தவனே சௌரோன். தீமைக்குத் தலைவனான மெல்கோரைச் சேர்ந்து கெட்டான். மெல்கோர் தோற்றபின் தேவதூதன்முன் பணிந்தான். தேவருலகுக்குத் திரும்பித் தீர்ப்பை ஏற்குமாறு தூதன் கட்டளையிட்டான். தலைகுனிந்து திரும்ப நாணிய சௌரோன் ஒளித்துக்கொண்டான். மீண்டும் தீமையில் வீழ்ந்தான்.

இருவருக்கும் தன்விருப்பு இருந்தது, இருவரும் தவறினர். ஒருவனைக் காத்தது, தான் ஆசையோடு செய்ததையும் விட்டுக்கொடுக்கும் மனம். மற்றவனைக் கெடுத்தது முதற்பிழை மாத்திரமன்று, திரும்பிவர நாணிய செருக்குமாகும். ஆகவே, தவறாமை அன்று, தவறியபின் மறையாமையே தேவத்தன்மை என்பது எமது துணிபு.

இளைஞராகிய நாமும் பிழை செய்வதிலும் பார்க்க அதை மறைப்பதிலேயே அதிகம் கெடுகின்றோம். பெரியோர்களே, எம்மைக் கடிந்துகொள்ளுங்கள். ஆனால் திரும்பிவரும் வழியை அடைத்துவிடாதீர்கள். ஔலேயைக் கடிந்த இறைவனே அவன் செய்த பாவைகளை வாழவும் வைத்தான்.