கண்டும் செய்தும் கற்றல்



கண்டி மாநகருக்கு வடகிழக்கே, மலைச்சரிவில் அமைந்த சிறு பட்டினம் வத்தேகம. ஒரு புறம் தும்பறைப் பள்ளத்தாக்கு. மறுபுறம் நக்கில்ஸ் மலைத்தொடர். இடையே பன்வில, மடுல்கலை முதலிய இடங்கள்வரை தேயிலைத் தோட்டங்கள். இப்பகுதித் தமிழ்ப் பாடசாலைகளில் பயிலும் சிறுவர் பலர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கண்விழிப்பதும் கண்ணயர்வதும் தேயிலையின் நடுவிலே. ஆயினும் தேயிலையைப் பற்றிய பாடத்தைப் புத்தகத்தில் வாசிக்கும்போது, தொலைதேசத்துப் பொருளொன்றைப் பற்றி வாசிப்பதுபோலவே அவர்கள் வாசிக்கின்றனர். வீட்டு வாயிலில் நிற்கும் செடிக்கும் ஏட்டில் உள்ள எழுத்துக்கும் இடையே பாலம் இல்லை. அப்பாலத்தை அமைப்பது ஆரம்பப் பாடசாலை ஆசிரியரின் கடமை. அதனை அமைக்கும் வழியே கண்டும் செய்தும் கற்றல் ஆகும்.

ஒரு சிறு செய்கையை எடுத்துக்கொள்வோர் இதன் பயனை எளிதில் உணர்வர். நான்காந் தர வகுப்பில் 100 கிராம் பச்சைக் கொழுந்தைத் தராசில் நிறுத்து, அந்நிறையைக் கரும்பலகையில் எழுதுகின்றனர். பின்னர் அக்கொழுந்தைத் தாளின்மீது பரப்பி வெயிலில் உலர்த்துகின்றனர். நாள்தோறும் ஒரு மாணாக்கன் நிறுக்கிறான், மற்றொருத்தி எழுதுகிறாள். இலை நொறுங்கும் அளவுக்கு உலர்ந்தபின் எஞ்சுவது ஏறத்தாழ 20 முதல் 25 கிராம்வரையே. "மீதி எங்கே போயிற்று?" என்னும் கேள்வி பிள்ளைகளிடமிருந்தே பிறக்கும். நீர் ஆவியாதல் என்னும் விஞ்ஞான உண்மையும், கழித்தல், பின்னம், சதவீதம் என்னும் கணக்குகளும் அக்கேள்விக்குள் அடங்கியுள்ளன. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று ஆசிரியர் சொல்லும்போது, தாம் கண்ட உண்மையையே அவர் சொல்கிறார் என்று பிள்ளைகள் அறிந்துகொள்வர்.

அடுத்த படி, அருகிலுள்ள தொழிற்சாலையைக் காண்பது. கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என்னும் படிகளை, இலை செல்லும் வழியிலேயே சென்று பிள்ளைகள் காணலாம். வகுப்பில் வெயில் செய்த வேலையை இங்கே வெப்பக் காற்றுச் செய்கின்றது என்பதை அவர்களே கண்டுகொள்வர். கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில், 1867 ஆம் ஆண்டில், ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 19 ஏக்கர் நிலத்திலே வர்த்தகத்திற்கென முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள், 1869 இல், கோப்பிச் செடியைத் தாக்கிய இலைநோய் இலங்கையில் வெளிப்பட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை பரந்தது. தம் முன்னோர் இம்மலைகளில் நட்டது எது, பிடுங்கியது எது என்பதை அறியும் பிள்ளைக்குச் சரித்திரம் வெறும் அரசர் பெயர்ப்பட்டியலாக இராது.

தேயிலை மட்டுந்தானா பாடம்? வத்தேகமச் சுற்றாடலில் நீரும் ஒரு பெரிய ஆசான். நக்கில்ஸ் மலைகளில் தோன்றும் ஹுலு கங்கை மகாவலியைச் சேர்கின்றது. அம்மகாவலி, 335 கிலோமீற்றர் நீளமுள்ள, இலங்கையின் மிக நீண்ட நதி. வத்தேகமத்திற்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் 1976 ஆம் ஆண்டு நிறைவுற்ற அணைக்கட்டு, மகாவலி நீரின் ஒரு பகுதியை மலைக்குள் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர்ச் சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திருப்புகின்றது. அங்கே மின்சாரத்தைப் பிறப்பித்தபின், அந்நீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையூடாக வடமத்திய மாகாணத்து வயல்களை நோக்கிச் செல்கின்றது. மலைநாட்டில் பெய்த மழை வறண்ட நிலத்து நெல்லாகின்றது என்னும் செய்தியை அணையருகே நின்று கேட்கும் பிள்ளை, நாட்டின் படத்தைப் பின்னர் வேறு கண்ணோடு பார்க்கும்.

இவற்றைச் சுற்றுலா என்று அழைப்பதனாலேயே ஒரு தவறான எண்ணம் தோன்றிவிடுகின்றது. வாகனம், பாட்டு, சிற்றுண்டி, மாலையில் திரும்புதல் என்பதோடு பலரும் நின்றுவிடுகின்றனர். வெளிக்களக் கல்விக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, புறப்படும் முன்னர் வகுப்பில் எழும் கேள்வி. விடை தேடவேண்டிய கேள்வி இல்லாது சென்ற பிள்ளை, கண்ணிருந்தும் காணாது. இரண்டாவது, அவ்விடத்தில் செய்யும் வேலை: எண்ணுதல், அளத்தல், வரைதல், அங்கு உழைப்பவரிடம் பணிவோடு கேட்டறிதல். மூன்றாவது, திரும்பியபின் எழுதுதலும் பேசுதலும். கண்டதை மறுநாள் ஐந்து வாக்கியங்களில் எழுதும்போதுதான் அது அறிவாக நிலைபெறும். இம்மூன்றில் முதலும் கடையும் வகுப்பறையிலேயே நிகழ்வன என்பது கருதத்தக்கது.

இம்முறை நாட்டின் கல்வித் திட்டத்திற்குப் புறம்பானதும் அன்று. 1998 ஆம் ஆண்டில் கம்பஹா மாவட்டத்தில் முதலாந் தரத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999 இல் நாடெங்கும் பரவிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளை ஒரு பாடமாகவே வகுத்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்று வழிகளையும் பிள்ளையின் வயதுக்கேற்பக் கலந்து கற்பிக்குமாறு அது பணித்தது. விதி ஏட்டில் இருக்கின்றது; அதனை நிறைவேற்றுவதிலேதான் தயக்கம்.

அத்தயக்கத்தின் காரணங்களை அலட்சியம் செய்தல் ஆகாது. தோட்டத்துத் தாயொருத்தி, "கொழுந்தைப் படிக்கவா பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்? இந்தக் கூடை அவள் முதுகில் ஏறக்கூடாது என்றுதானே அனுப்பினேன்" என்று கேட்பாளாயின், அக்கேள்வியில் நியாயம் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தோட்டப் பாடசாலை என்பது ஒற்றை ஆசிரியரும் ஒற்றை மண்டபமுமாய் இருந்தது. 1977 ஆம் ஆண்டு முதற்கொண்டே அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. கல்வியை விடுதலையின் வாயிலாகக் கருதும் பெற்றோருக்கு, தேயிலையை மீண்டும் பாடமாக்குவது அவ்வாயிலை அடைப்பதுபோல் தோன்றுதல் இயல்பே.

இவ்வையம் புதியதன்று. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக விளங்கிய 1930-களில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. சூழலையும் பயிர்த்தொழிலையும் சுகவாழ்வையும் பாடங்களோடு இணைத்துக் கற்பிப்பதே அதன் நோக்கம். அதே பத்தாண்டில், 1937 இல், காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவாகக் கொண்டு எழுந்தது. இரண்டையும் பற்றி ஒரே அச்சம் எழுந்தது: நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும், கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியுமா? ஹந்தெஸ்ஸத் திட்டம் நிலைத்து நில்லாமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணம்.

இதிலிருந்து பெறவேண்டிய பாடம் தெளிவானது. செயல்வழிக் கல்வி, ஏழைப் பிள்ளைக்கென ஒதுக்கிய இரண்டாந்தரக் கல்வியாக இருத்தல் கூடாது. கொழும்பு நகரத்துப் பிள்ளையும் செய்தே கற்கவேண்டும். தோட்டத்துப் பிள்ளையும் ஏட்டைக் கசடறக் கற்கவேண்டும். கொழுந்தைப் பறிக்கப் பழக்குவது ஒன்று. கொழுந்தை நிறுத்து, அளந்து, வினவப் பழக்குவது வேறொன்று. முன்னது பிள்ளையைச் செடியோடு கட்டும். பின்னது செடிக்கு மேலாக நின்று நோக்கச் செய்யும். தன் தாயின் கூடை நிறுக்கப்படும் தராசின் முள்ளைத் தானே வாசிக்கத் தெரிந்த பிள்ளையை, அறியாமையில் யாரும் ஏமாற்ற இயலாது. பிற்காலத்தில் அப்பிள்ளை வைத்தியராகலாம், பொறியியலாளராகலாம், தோட்டத்திலேயே தங்கி அதனைச் சீர்படுத்தலாம். எதனையும் தெரிந்தெடுக்கும் உரிமை அதன் கையில் இருக்கும்.

பரீட்சையைப் பற்றிய கவலை அடுத்தது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்குகையில், வகுப்பறையை விட்டு ஓர் அடியும் வெளியே வைத்தல் வீண்பொழுது என்று பெற்றோர் மட்டுமன்றி ஆசிரியரும் எண்ணுகின்றனர். பின்னத்தை மனனஞ் செய்த பிள்ளை, கேள்வி சற்றே மாறிவரின் திகைக்கும். 100 கிராம் கொழுந்து 25 கிராமாகியதைக் கண்ட பிள்ளை, காற்பங்கு என்பதை எவ்வடிவிலும் இனங்காணும். ஆதலின் வெளியே செலவிடும் ஒரு மணி நேரம் பரீட்சைக்கு எதிரானதன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது செலவு. தொலைவிலுள்ள நகரங்களுக்கு ஆண்டுதோறும் செல்லும் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளை, அன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் தங்கிவிடுகின்றது. மற்றப் பிள்ளைகள் கண்டதைப் பேசும் மறுநாளில் அது தலைகுனிந்திருக்கின்றது. அறிவூட்டச் செய்த ஏற்பாடு, உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையே கோடு கிழித்துவிடுகின்றது. ஆகவே வெளிக்களக் கல்வி பாடசாலை வாயிலிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் தொடங்குதல் வேண்டும். அருவி, கொழுந்து நிறுக்கும் கொட்டகை, தபாற்கந்தோர், சந்தை, 1880 இல் திறக்கப்பட்ட கண்டி மாத்தளைப் பாதையின் புகையிரத நிலையம் ஆகியவற்றைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. புகையிரத நேரசூசியைக் கொண்டே நேரக் கணக்கு ஒரு வாரத்துக்குக் கற்பிக்கலாம். இவற்றின் பின்னர், 1821 இல் நிறுவப்பட்ட பேராதனைப் பூந்தோட்டத்தையோ, பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் அமைந்த ஹந்தானைத் தேயிலை நூதனசாலையையோ காண ஆண்டுக்கு ஒருமுறை செல்லலாம். அப்போது எந்தப் பிள்ளையும் விடுபடாதவாறு, பழைய மாணவரும் ஊர்ப் பெரியோரும் செலவைப் பகிர்ந்துகொள்ளுதல் தகும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் பெற்றோர் சம்மதமும் முன்கூட்டியே பெறப்படல் வேண்டும். பாதையை ஆசிரியர் முதல்நாளே நடந்து பார்த்தல் வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றங்கரையைத் தவிர்த்தலும், தேயிலை மலைகளில் குளவிக்கூடு உள்ள இடங்களைத் தொழிலாளரிடம் கேட்டறிதலும் இன்றியமையாதவை. ஒவ்வொரு சிறு குழுவோடும் பெற்றோர் ஒருவர் செல்வாராயின் காவலும் உண்டாம். பாடசாலையில் நடப்பது யாதென்று அவர் அறியவும் வழியுண்டாம். கூடை சுமக்கும் தாயே அன்று கொழுந்தின் பருவங்களைப் பிள்ளைகளுக்கு விளக்குவாராயின், வகுப்பு முழுவதும் அவரை ஆசிரியராகக் காணும். அவருடைய பிள்ளை அன்று நிமிர்ந்து நிற்கும்.

நேயர்களே, வரும் வாரத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை வாடிய இலையொன்றையோ ஆற்றுக்கல் ஒன்றையோ கொண்டுவந்து கேள்வி கேட்குமாயின், அதனைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். சற்றே அமர்ந்து, அதனோடு சேர்ந்து பாருங்கள். விடை தெரியாவிடினும் குற்றமில்லை. மறுநாள் ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். வீடும் பாடசாலையும் அங்ஙனம் ஒரு கேள்வியைப் பகிர்ந்துகொள்ளுமிடத்தே கல்வி தழைக்கும்.