நுரையீரல் புற்றும் அரசின் அளவுகோலும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக் கழக மேடையில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அரசாணையில் எழுதப்படும் ஓர் எண் யாரை உள்ளே விடுகின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது என்று கேட்கக் கற்றுக்கொடுத்ததே இக்கழகம்தான். அக்கேள்வியையே நுரையீரல் புற்றுநோயைக் குறித்தும் இன்று கேட்க விழைகின்றேன்.

இந்நோய் தொடக்கத்தில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. இருமலும் இரத்தமும் தோன்றும்போது பெரும்பாலோர்க்கு அறுவை மருத்துவத்தின் காலம் கடந்துவிடுகின்றது. அமெரிக்காவில் மிகுதியாகப் புகைத்த 53,000க்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு எக்ஸ்ரேயும் மற்றவர்க்குக் குறைந்த கதிர்வீச்சுச் சி.டி. ஸ்கேனும் எடுத்தனர். 2011இல் முடிவு வெளிவந்தது. ஸ்கேன் பிரிவில் இந்நோயால் இறந்தோர் 20 விழுக்காடு குறைவு. பெரும் வெற்றிதான். ஆயினும் அவ்வாய்வில் பங்கேற்ற கறுப்பின மக்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை.

2013இல் அந்நாட்டு வல்லுநர் குழு விதி வகுத்தது. வயது 55 முதல் 80 வரை; நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் 30 ஆண்டுகள் புகைத்த கணக்கு இருத்தல் வேண்டும். எல்லோர்க்கும் ஒரே அளவுகோல், பார்வைக்கு நேர்மையானது. ஆனால் கறுப்பின மக்கள் நாள்தோறும் புகைப்பது குறைவு. நோய் வருவதோ இளவயதில். 2019இல் தென் மாநிலங்களைப் பற்றிய ஆய்வொன்று இதனை எண்ணிக் காட்டியது. புகைத்து நோயுற்றோருள் விதிப்படி ஸ்கேனுக்கு உரியவர் வெள்ளையருள் 56 விழுக்காடு. கறுப்பினத்தவருள் 32 மட்டுமே. 2021இல் வயது 50 ஆகவும் ஆண்டுக் கணக்கு 20 ஆகவும் தளர்த்தப்பட்டன. பகைமையால் வகுத்த விதியென்று நான் கூறவில்லை. யாரை அளந்து அந்த அளவுகோலைச் செய்தனர் என்றே கேட்கின்றேன்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 2016இல் ஏழையர் வாழும் பகுதிகளுக்கே ஸ்கேன் ஊர்தியைக் கொண்டு சென்று, கடைகளின் வண்டி நிறுத்துமிடத்தில் நிறுத்தினர். அங்குக் கண்டறிந்த புற்றுகளுள் 80 விழுக்காடு முதலிரு கட்டங்களிலேயே இருந்தன.

நம் நாட்டுத் திட்டத்தில் 30 வயது கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கே பரிசோதனை. எல்லோர்க்கும் ஸ்கேன் எடுக்குமாறு நான் கேட்கவில்லை. காசநோய்த் தழும்பு மிகுந்த நாட்டில் ஐயப் புள்ளிகள் பலர்க்கும் தெரியும். வீண் அச்சமும் செலவுமே மிஞ்சும். சிகரெட்டுப் பாக்கெட்டை எண்ணும் கணக்கில் நம் தாய்மாரின் விறகடுப்புப் புகையும் கற்குவாரித் தூசியும் அடங்கா என்பதும் உண்மை.

எம் பள்ளி மாணவர் ஒருவரின் தந்தை குவாரித் தொழிலாளி. சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பின்னரும் ஆறு திங்கள் காசநோய் மாத்திரையே உண்டார். ஸ்கேன் எடுத்தபோது நோய் முற்றியிருந்தது.

இரண்டு வாரம் இருமினால் சளிப் பரிசோதனை என்பது இன்றைய நடைமுறை. கிருமி இல்லையெனில் அடுத்து எந்தப் பரிசோதனை, எத்தனை நாளுக்குள், எந்த மருத்துவமனையில் என்பதும் எழுத்தில் வரவேண்டும். அன்றைய கூலியை இழந்து செல்வோர்க்குப் பயணப்படியும் வேண்டும். இவற்றைக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதியுள்ளேன். அது செயலாளரிடம் உள்ளது; படித்துப் பார்த்து, உடன்படுவோர் உணவுக்குச் செல்லுமுன் கையொப்பமிட வேண்டுகின்றேன்.