கண்ணாடித் தொட்டியில் சிற்றிறால்

வேற்று மாநிலத்தில் குடியேறும் தமிழ்க் குடும்பம், புதிய வீட்டில் முதலில் விசாரிப்பது தண்ணீரைப் பற்றித்தான். குழாயில் எத்தனை மணிக்கு வரும், பருப்பு வேகுமா, சோப்பு நுரைக்குமா என்று கேட்டறிந்த பின்னரே மற்றவை. அந்த விசாரணையை இன்னும் சற்று ஆழமாகச் செய்யத் தூண்டும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நன்னீர்ச் சிற்றிறால் வளர்த்தலே அது.

இறால் என்றதும் குழம்பும் வறுவலும் சந்தையில் விற்கும் சென்னாக்குனியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. நாம் கூறப்போவது அவற்றை அன்று. தைவானையும் சீனத்தையும் தாயகமாகக் கொண்டதும், ஓர் அங்குல அளவே வளர்வதுமான செர்ரி இறாலையே கூறுகிறோம். இயற்கையில் இது மங்கிய பழுப்பு நிறமுடையது. சிவந்தவற்றையே தலைமுறைதோறும் தேர்ந்து இனம் பெருக்கியதால் இன்றைய செம்மை வாய்த்தது. ஆயுள் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை.

எல்லா இறாலும் தொட்டியில் பெருகுவதில்லை. ஆற்றில் வாழும் பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுகளை வளர்க்க இயலாதிருந்தது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1961ஆம் ஆண்டில் மலேயாவில் ஆராய்ந்த ஷாவோ வென் லிங் என்னும் அறிஞர், அவற்றின் இளம்பருவத்துக்கு உப்புக் கலந்த நீர் இன்றியமையாதது என்று கண்ட பின்னரே அப்புதிர் அவிழ்ந்தது. செர்ரி இறாலுக்கு இத்தொல்லை இல்லை. முட்டையிலிருந்து தாயின் வடிவிலேயே குஞ்சு வெளிவந்துவிடும். ஆதலின் புதிதாகத் தொடங்குவோர்க்கு இதுவே ஏற்றது.

நாற்பது லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி, அடியில் பரப்பச் சிறு கூழாங்கல், காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி, ஜாவா மாஸ் என்னும் நீர்ப்பாசி ஆகியவை போதும். விசையுள்ள வடிகட்டி வேண்டா. அது குஞ்சுகளை உறிஞ்சிவிடும்.

இனி நீரைக் கவனிப்போம். மும்பையின் குழாய்களில் வருவது வைதரணை, பாத்சா முதலிய நீர்த்தேக்கங்களின் மழை நீர், மென்மையானது. பெங்களூருக்குக் காவிரி சுமார் 100 கிலோமீட்டர் கடந்து வருகிறது. அந்நகரின் புறப்பகுதிகளிலோ லாரியில் வரும் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பலர் நம்பியிருக்கின்றனர். அது பெரும்பாலும் கடின நீர். தில்லிக்கு வரும் யமுனையில் குளிர்காலத்தில் அம்மோனியா மிகுந்ததால் குடிநீர் நிலையங்கள் தடுமாறிய செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். ஆகவே ஓர் ஊரில் கற்ற முறை மற்றோர் ஊரில் அப்படியே பலிக்கும் என்று எண்ணலாகாது.

குழாய் நீரிலுள்ள குளோரின், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் நீங்கும். குளோரமின் கலந்திருந்தால் அவ்வாறு நீங்காது; மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தை இடவேண்டும். சுத்தமானது என்று கருதிச் சமையலறைச் சுத்திகரிப்புக் கருவியின் நீரை மட்டுமே நிரப்புதலும் தவறு. அதில் சுண்ணச்சத்து மிகக் குறைவு. இறால் புதிய ஓடு கட்டிக்கொள்ள இயலாது மடியும். ஆனால் கோடையில் ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுசெய்ய அந்நீரே நல்லது. ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தொட்டியில் தங்கிவிடுகின்றன.

தொட்டியை நிரப்பிய அன்றே இறாலை விடலாகாது. கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஒரு சிட்டிகை மீன் உணவை நாள்தோறும் இட்டு, சோதனைத் திரவத்தால் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் முற்றிலும் மறைந்த பின்னரே பத்து இறால்களை வாங்குதல் முறை. அவற்றையும் உடனே கொட்டாமல், தொட்டி நீரை மெல்லிய குழாயினால் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இரண்டு மணி நேரம் பழக்கவேண்டும்.

நம் இல்லங்களுக்கே உரிய ஆபத்துகள் இரண்டு. ஒன்று, கொசு மருந்து. பூச்சியும் இறாலும் ஒரே கணுக்காலித் தொகுதியைச் சேர்ந்தவை. கொசுவைக் கொல்லும் புகையும் தெளிப்பும் இறாலையும் கொல்லும். மற்றொன்று, செம்பு. செம்புக் குடத்து நீர் நமக்கு நன்று என்பர். இறாலுக்கோ அது நஞ்சு.

நீரின் வெப்பம் 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நலம். வடநாட்டுக் கோடையில் நீர்ப்பரப்பின் மீது சிறு விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி தணியும். குளிர்காலத்தில் இனப்பெருக்கம் மந்தமாகும், அஞ்ச வேண்டியதில்லை. உணவு மிகச் சிறிது போதும். வெந்த பாலக் கீரைத் துண்டோ, காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலையோ இட்டால் மேய்ந்துகொள்ளும்.

பெண் இறால் பருமனாகவும் நிறம் மிக்கதாகவும் இருக்கும். அதன் முதுகில் சேணம் போன்ற மஞ்சள் திட்டுத் தோன்றினால் முட்டை முதிர்கிறது என்று அறியலாம். பின்னர் இருபது முப்பது முட்டைகளை வயிற்றடிக் கால்களில் சுமந்து, இடையறாது விசிறி, மூன்று நான்கு வாரங்களில் பொரிக்கும். அக்காலத்தில் நீரை ஒரேயடியாக மாற்றுதல் கூடாது. வாரம் பத்தில் ஒரு பங்கே மாற்றலாம். கழற்றிய ஓட்டைக் கண்டு இறால் இறந்ததெனக் கலங்கவும் வேண்டா. அதனை அவையே தின்று சுண்ணச்சத்தை மீளப் பெறும்.

சில மாதங்களில் பத்து நூறாகும். அப்போது ஒரு கடமை பிறக்கிறது. பணிமாற்றம் வந்து மூட்டை கட்டும் நாளில், புண்ணியம் என்று கருதி இவற்றை அருகிலுள்ள ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடலாகாது. ஜெர்மனியில் மின்நிலையத்தின் வெந்நீர் சேரும் கில்பாக் ஓடையிலும், ஹவாய்த் தீவிலும் இவ்வாறு வெளியிலிருந்து புகுந்த இவ்விறால்கள் நிலைத்துப் பெருகிவிட்டன. நம் நாட்டு ஆறுகளுக்கென்று சிற்றிறால் இனங்கள் பல உண்டு. அவற்றின் இடத்தையும் உணவையும் பறிக்கும் போட்டியை நாமே உண்டாக்கலாமா? அண்டை வீட்டுச் சிறுவர்க்கோ பள்ளிக்கோ மீன்தொட்டிக் கடைக்கோ கொடுத்துவிடுவதே தக்கது. கொடுக்கும்போது, அவ்வூர் நீரைப் பற்றி நாம் அறிந்ததையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்போமாயின், பெறுவோர்க்கு அது பேருதவியாகும்.