நெஞ்சுக்குள் படியும் கொழுப்பும் பிரஷரும்

(மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)





பிரஷர் பார்க்க வாங்க என்று லயம் லயமாகப் போய்க் கூப்பிட்டால் நமக்கு ஒரே பதில்தான் கிடைக்கிறது. "மலை ஏறி இறங்குற எங்களுக்கு ஏதுங்க கொழுப்பு, ஏதுங்க பிரஷர்?" இப்படிச் சொன்ன ஓய்வுபெற்ற கங்காணி ஐயா ஒருவரை நாம் மறக்க முடியாது. கை கால் ஒல்லி. வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் இருக்கும். வேலையோடு நடையும் நின்றது, சாப்பாட்டு அளவு மட்டும் மாறவில்லை. கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்று மூன்றே மாதத்தில் அதை நிறுத்திவிட்டார். ஒரு விடியற்காலை பாரிசவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அவருக்குச் சோறு ஊட்டுவதற்காக மருமகள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒருவருக்கு வந்த வருத்தம். போனது ஒரு வீட்டுச் சம்பளம்.

ஒல்லியான ஆளுக்கு எப்படி இது வந்தது? தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பைக் கையால் பிடித்துப் பார்க்கலாம். இன்னொரு கொழுப்பு வயிற்றுக்குள்ளே குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கும். இது கூடும்போது இதயத்தின் மேலும் கொழுப்பு கூடுகிறது. ஆட்டு இதயம் சமைத்தவர்கள் அதன் மேல் கொழுப்புப் படை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நமக்கும் அப்படித்தான். கொஞ்சம் இருந்தால் இதயத்துக்கு அது மெத்தை. அளவு மீறினால் அதிலிருந்து கசியும் பொருட்கள் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களைக் கெடுக்கும். வயிற்றுக் கொழுப்போ சிறுநீரகத்தை அமுக்கி, உப்பையும் நீரையும் உடம்பிலேயே தங்க வைக்கும். பிரஷர் ஏறும். இதயம் பலமாகத் தள்ளித் தள்ளி அதன் தசை தடிக்கும்.

எக்கோ என்ற பரிசோதனையில் பார்த்தபோது, பிரஷர் உள்ளவர்களுக்கு இந்தக் கொழுப்புப் படை கூடுதலாக இருப்பது தெரியவந்துள்ளது. எது முந்தி, எது பிந்தி என்று ஆராய்ச்சி நடக்கிறது. இரண்டும் கூட்டாளிகள் என்பது மட்டும் நிச்சயம்.

இதற்காக எல்லோரும் எக்கோ எடுக்கத் தேவையில்லை. தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். நம்மைப் போன்ற தெற்காசிய மக்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்டிமீற்றரும் எல்லை. அதைத் தாண்டினால் உடனே பிரஷர் பாருங்கள். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் வைத்தியம் தேவை. வயிறு இல்லாதவர்களுக்கும் பிரஷர் வரும். அவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு மட்டமாக ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம்தான். கருவாடு, ஊறுகாய், சம்பல் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். சாயத்தண்ணிக்குச் சீனியைக் குறையுங்கள். ரொட்டியில் ஒன்றைக் குறைத்துக் கீரையும் பருப்பும் கூட்டுங்கள். சாராயத்தையும் பீடியையும் விடுங்கள். மலைக்குப் போகாத பெரியவர்கள் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். எடை குறைந்தால் நெஞ்சைச் சுற்றிய கொழுப்பும் குறையும், பிரஷரும் இறங்கும்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லை என்பதால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அரசாங்க வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011 முதல் இயங்குகின்றன. 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷரும் சீனியும் அங்கே இலவசமாகப் பார்க்கப்படும். போவதற்கு ஒரு நாள் பேர் போகுமே என்று யோசிக்காதீர்கள். அந்த மருமகளுக்கு எத்தனை நாள் பேர் போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.