பல்லும் தலையெழுத்தும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பல். கடவுளையும் ஜாதியையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் பல்லைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மாட்டுச் சந்தையிலே மாட்டின் வாயைப் பிடித்துப் பார்க்கிறவனாவது அதன் வயதைத் தெரிந்துகொள்ளுகிறான். நம் வீடுகளிலோ, பெண் பார்க்க வருகிறவர்கள் பேச்சுக் கொடுப்பதுபோல் அவளுடைய பல்லைப் பார்த்துவிட்டு, வரப்போகிற புருஷனுடைய ஆயுளையும் மாமியாருடைய ஆயுளையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்! குழந்தைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்கிறார்கள். பல்லிடையில் சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்று ஒருவர் சொல்ல, அதே சந்தைக் காட்டிப் பணம் தங்காது என்று மற்றொருவர் சொல்லுகிறார். இரண்டு பேரும் சாஸ்திரந்தான் பேசுகிறார்கள். இரண்டு பேருக்கும் தட்சணை உண்டு.

நாம் பல் வைத்தியம் படித்தவரல்ல. வைத்தியர்கள் எழுதியதைத் தேடிப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததையே சொல்லுகிறோம். தப்பிருந்தால் எழுந்து கேட்கலாம்.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவருடைய பெண்ணுக்கு இரண்டு வருஷகாலம் பல்லுக்குக் கம்பி கட்டினார்கள். பல்லெல்லாம் வரிசைக்கு வந்தது. ஆனால் மேல் முன்பற்களில் நடுப்பல் இரண்டிற்கும் அடுத்தாற்போல் உள்ள பக்கப்பற்களின் ஓரத்தில் சந்து நின்றுவிட்டது. கம்பியை முறுக்கினால் சந்து மூடும். தளர்த்தினால் மறுபடியும் திறக்கும். கட்டிய வைத்தியர் இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்றார். வீட்டிலிருந்த பாட்டியம்மாள், "பிரமன் வைத்த சந்தைக் கம்பியா மூடும்?" என்றார்கள். கொஞ்சம் பணமும், அதைவிட அதிகமாக அந்தப் பெண்ணின் சிரிப்பும் போய்விட்டது. அது யாரோடு பேசினாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசும்.

பிறகு வேறொரு வைத்தியரிடம் போனார்கள். அவர் கம்பியைத் தொடவில்லை. வாயை அச்செடுத்து, காலிப்பர் என்ற கருவியால் ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் அளந்து காகிதத்தில் எழுதிக் கூட்டினார். மேல் முன்பற்கள் ஆறும் சேர்ந்து 45 மில்லிமீட்டர். கீழ் முன்பற்கள் ஆறும் சேர்ந்து 37. "கீழ்ப்பல்லின் அளவுக்கு மேலே ஏறக்குறைய 48 இருக்கவேண்டும், 3 குறைகிறது. பல்லை நகர்த்தலாமே தவிர, நகர்த்துவதால் பல் அகலமாகுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் சங்கதி! பக்கப்பற்கள் இரண்டும் பிறவியிலேயே சிறுத்திருந்தன. பல்லின் நிறமுள்ள ஒரு பொருளை இரண்டிலும் ஒன்றரை ஒன்றரை மில்லிமீட்டர் சேர்த்து ஒட்டினார். ஒரே பிற்பகலில் பிரமன் வைத்த சந்து மூடிப்போயிற்று.

இந்த 48 எங்கிருந்து வந்தது என்று நாம் விசாரித்தோம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் போல்டன் என்றொரு பல் வைத்தியர் இருந்தார். ஓலைப்பெட்டியின் மூடி பெட்டியை வெளியே அணைத்து நிற்பதுபோல, மேல்வரிசை கீழ்வரிசையை அணைத்து நிற்கவேண்டும். மூடி எவ்வளவு பெரிதாயிருந்தால் சரியாய்ப் பொருந்தும்? இதை அவர் ஞானதிருஷ்டியால் பார்க்கவில்லை. கடி நன்றாய்ப் பொருந்திய 55 பேருடைய பல் அச்சுக்களை எடுத்துக்கொண்டு, பல் பல்லாக அளந்தார். 1958ஆம் ஆண்டில் கணக்கை வெளியிட்டார். மேல் முன்பல் ஆறின் அகலம் 100 என்றால் கீழ் ஆறு சராசரி 77.2 இருந்தது. முதல் பெரிய கடைவாய்ப்பல் வரையில் பன்னிரண்டு பற்களையும் சேர்த்தால் 91.3. இதற்குமேல் கீழ்ப்பல் பெருத்திருந்தால், கீழே பல் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கிக்கொள்ளும், அல்லது மேலே சந்து விழும், அல்லது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனியோடு நுனி முட்டும். மேல்பல் பெருத்திருந்தால் மேலே நெருக்கும், அல்லது மேல்வரிசை முன்தள்ளும், அல்லது கீழ்ப்பல்லை அதிகமாய் மூடிக்கொள்ளும். சிறுத்த பல்லுக்குச் சேர்க்கலாம். பெருத்த பல்லின் பக்கங்களில் எனாமலைக் காகித கனத்துக்கு இழைத்துக் குறைக்கலாம். கீழ் ஆறு பற்களில் 1.7 மில்லிமீட்டர் அதிகமென்றால், பக்கங்கள் பன்னிரண்டு. பக்கத்துக்கு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. இதற்கு எந்தக் கோவிலில் எத்தனை தேங்காய் உடைக்கவேண்டும் என்று யாராவது கணக்குச் சொல்லட்டும்.

எல்லாம் வல்லவன் ஒருவன் அளந்து படைத்தான் என்கிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். ஒரே வாயில் மேலே ஓர் அளவு, கீழே வேறோர் அளவு என்று வைத்தவன் எந்தக் கோலால் அளந்தான்? ஓலைப்பெட்டி முடைகிற கிழவி மூடியைப் பொருத்திப் பார்க்காமல் சந்தைக்குக் கொண்டுவருகிறாளா?

இந்த நம்பிக்கை நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமென்று நினைக்கவேண்டாம். கோணல் கடியை 1899இல் மூன்று வகையாகப் பிரித்துக் கொடுத்த ஆங்கிள் என்ற அமெரிக்க வைத்தியர் பெரிய அறிவாளி. இன்றைக்கும் அந்தப் பிரிவைத்தான் உலகமெல்லாம் சொல்லுகிறார்கள். ஆனால் இயற்கை கொடுத்த பல் முழுவதும் வாயிலிருந்தால்தான் கடி பொருந்தும், ஒரு பல்லையும் பிடுங்கக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாயிருந்தார். அவருடைய சீடர் ட்வீட் என்பவர் குருவின் முறைப்படியே செய்துவந்தார். பலருக்குப் பல் மறுபடி முன்தள்ளியதையும் கோணியதையும் பார்த்தார். தாம் முன்பு சிகிச்சை செய்தவர்களையே அழைத்து, நான்கு முன் கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு மறுபடி கம்பி கட்டி, அப்படிப்பட்ட 100 பேருடைய அச்சுக்களை 1940இல் சக வைத்தியர்கள் முன் கொண்டுவந்து வைத்தார். எல்லோருக்கும் பல்லைப் பிடுங்கவேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. அவசியமில்லாமல் பிடுங்குகிறவர்களும் உண்டு. குரு சொன்னது சரியா என்று குருவின் வேலையைக் கொண்டே சோதித்தாரே, அதைச் சொல்லுகிறோம். நம் மடாதிபதிகளின் சீடர்களில் அப்படி ஒருவரை எவராவது காட்டினால் நாம் சந்தோஷப்படுவோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். போல்டன் சொன்ன 77.2ஐயே இப்போது சிலர் வேதவாக்காக்கிக்கொண்டிருக்கிறார்கள். அது 55 பேருடைய சராசரி. அந்த 55 பேருக்குள்ளேயே 74.5 முதல் 80.4 வரைக்கும் இருந்து, கடியும் நன்றாகத்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே வெள்ளையர், கறுப்பர், ஸ்பானிய மரபினர் ஆகியவர்களின் பற்களை ஆணும் பெண்ணுமாக அளந்து பார்த்தார்கள். போல்டன் கணக்கு வெள்ளைக்காரப் பெண்களுக்குத்தான் ஒத்துவருகிறது, மற்றவர்களுக்குக் கண்ணைமூடிக்கொண்டு பிரயோகிக்கக் கூடாது என்று எழுதினார்கள். இந்தியாவிலும் பல இடங்களில் அளந்திருக்கிறார்கள். ஆகையால் 77.2க்கு ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது என்று எவராவது உங்கள் பிள்ளையின் பல்லை இழைக்க வந்தால், அவரையும் நிறுத்திக் கேள்வி கேட்கவேண்டியதுதான்.

என்ன கேட்பது? கம்பி கட்டுவதற்கு முன் அச்செடுத்துப் பல்லின் அகலத்தை அளந்தீர்களா? மேலே கீழே எவ்வளவு? வித்தியாசமிருந்தால் சேர்க்கப் போகிறீர்களா, இழைக்கப் போகிறீர்களா, சந்தை விட்டுவிடப் போகிறீர்களா? முன்னமேயே சொல்லிவிடுங்கள் என்று கேட்கலாம். இதற்கு இங்கிலீஷ் தெரியவேண்டியதில்லை. முன்னே சொன்ன பெண்ணின் தம்பிக்குப் போன மாதம் கம்பி கட்டப் போனபோது, "முதலில் அளந்து கணக்கைக் காட்டு" என்று கேட்டது அந்தப் பாட்டியம்மாள்தான்.