கற்றவர் முதலில் காத்துக்கொள்க



பனியன் தொழிலால் புகழ்பெற்ற திருப்பூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. நம் இல்லத்துப் பிள்ளைகள் சிலரும் இன்று மருத்துவமும் செவிலியமும் பயில்கின்றனர். அவர்களிடம் ஒன்று கேட்க விழைகிறேன்: நீங்கள் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா?

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதும் எச்.பி.வி. என்னும் வைரஸால் வருவது. இத்தொடர்பைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இதனைத் தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவருள் பலர், தாம் ஊசி போட்டுக்கொள்வதில்லை.

வைரஸ் தொற்றுமுன் போடுவதே முழுப்பயன் தரும். ஆகவே 9 முதல் 14 வயதே உகந்த பருவம். அப்போது இரண்டு தவணை. 15 முதல் 26 வயது வரை மூன்று தவணை. கல்லூரி மாணவருக்குக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. 2023இல் வெளிவந்த இந்தியத் தயாரிப்பான செர்வாவாக் இருபாலருக்கும் உரியது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஊசி போட்ட பெண்களும் 30 வயதுக்குப் பின் பரிசோதனையைத் தவிர்த்தல் ஆகாது.

பனியன் கம்பெனியில் தைத்துவிட்டு வரும் தாய் ஒருவர், "என் மகளுக்குப் போடலாமா?" என்று தயங்கி நிற்பார். "நானும் போட்டுக்கொண்டேன், அம்மா" என்னும் செவிலியின் ஒரு சொல் அத்தயக்கத்தைப் போக்கும்.

நன்ஞானம் நல்லொழுக்கமாய் நிறைவுறல் வேண்டும் என்பது நம் நெறி. நாணத்தை விலக்கி, இன்றே இல்லத்தில் இதனைப் பேசுங்கள்.